ஜன்னல் கழித்த கேக்

விலை சொல்வதற்கு மேஸ்திரி யோசித்ததாகச் சரித்திரமே கிடையாது. சுவரை மேலிருந்து கீழே ஒரு பார்வை, இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு ஒரு பார்வை. காதில் செருகிய பென்சிலைக்கூட எடுக்க மாட்டார். தொகை வாயிலிருந்து வந்து விழும். படித்தவர்கள் கால்குலேட்டரைத் தட்டி முடிப்பதற்குள் அவர் எழுந்து கையை உதறிக்கொண்டு நிற்பார். கால்குலேட்டர் சொல்வதும் அவர் சொன்னதும் ஒன்றாகவே இருக்கும். மூன்றாம் வகுப்பைப் பாதியில் விட்டவருக்கு இந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது என்று யாராவது கேட்டால், "பசி சொல்லிக் கொடுத்துச்சு" என்பார். சொல்லிவிட்டு, கேட்டவர் முகம் எப்படிப் போகிறது என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொள்வார்.

நாற்பத்தொரு வருஷம் சுவர் பூசியவர். அவர் பூசிய சுவரில் ரசமட்டத்தை வைத்தால் அதன் குமிழி நடுவில் போய் உட்கார்ந்துகொண்டு, இனி இங்கேயேதான் இருப்பேன் என்று அடம்பிடிக்கும். அதைவிடப் பெருமை அவருக்கு வாக்கில். சொன்ன தொகை சொன்னதுதான். ஒரு முறை ஒரு நீளமான சுற்றுச்சுவருக்கு ஒரு பக்கத்தை மட்டும் கணக்கில் எடுத்து விலை சொல்லிவிட்டார். வேலை தொடங்கிய பிறகுதான் பின்பக்கமும் பூச வேண்டும் என்று தெரிந்தது. வேறு யாராக இருந்தாலும் தலையைச் சொறிந்துகொண்டு முதலாளி முன்னால் நின்றிருப்பார்கள். மேஸ்திரி நிற்கவில்லை. பதினோரு நாள் கூலியில்லாமல் பூசி முடித்துவிட்டு வந்தார். அந்தப் பதினோரு நாள் கதையைக் கேட்காதவர்கள் அந்தத் தெருவில் யாரும் இல்லை. தபால்காரர் மூன்று முறை கேட்டிருக்கிறார்.

அறுபத்திரண்டு வயதில் முழங்கால் கைவிட்டது. சாரத்தில் ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். தரையில் நின்றபடி பூசுகிற சுவர் உலகத்தில் எத்தனை இருக்கிறது? மேஸ்திரி வீட்டுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். உட்கார்ந்த இடத்திலிருந்து வீட்டுச் சுவர்களைத் திட்டத் தொடங்கினார். கூடத்துச் சுவரில் அரை விரல் வயிறு தள்ளியிருக்கிறது, யார் பூசியது இதை என்றார். அவர் பூசியதுதான். கல்யாணமான புதிதில், அவசரத்தில் பூசியது. அதை அவர் மனைவி நினைவூட்டினாள். அன்றைக்கு அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

அவர் மனைவி ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். பிள்ளைகள் அவளை அடுப்பக்கா என்று கூப்பிடுவார்கள். அந்தச் சமையலறையில் ஒரு பெரிய ஓவன் இருந்தது. அதில் கேக் சுடுவதற்கு யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. நாலு தடவை கருக்கி, அஞ்சாவது தடவை அவளே பிடித்துக்கொண்டாள். ஓய்வு பெறும்போது கொடுத்த மொத்தப் பணத்தில் ஒரு சின்ன ஓவன் வாங்கி, மிச்சத்தை வங்கியில் போட்டாள். அக்கம்பக்கத்துப் பிள்ளைகளின் பிறந்தநாளுக்கு ஒரு கேக் சுட்டுக் கொடுப்பாள். காசு வாங்க மாட்டாள். யாரும் கேட்டதும் இல்லை.

பேத்தியின் பிறந்தநாளில்தான் மேஸ்திரி அந்த வேலைக்குள் நுழைந்தார். மனைவி கேக்கின் மேல் கிரீம் தடவியிருந்தாள். ஒரு பக்கம் தடித்து, ஒரு பக்கம் மெலிந்து, விளிம்பில் வழிந்து இருந்தது. எல்லோரும் ஆகா என்றார்கள். மேஸ்திரியால் அந்த விளிம்பைப் பார்க்க முடியவில்லை. சுவர் சுவராகத் திரும்பிப் பார்த்துவிட்டுப் பொறுக்க முடியாமல் எழுந்துபோனார். தெருமுனைக் கடையில் புதிதாக ஒரு பட்டி பார்க்கிற தகடு வாங்கி, கொதிக்கும் தண்ணீரில் கழுவிக்கொண்டு வந்து, கேக்கைத் தன் பக்கம் இழுத்தார். நாலு இழுப்பு. கேக்கின் பக்கம் கண்ணாடிபோல நின்றது. மேல் விளிம்பு கத்தி மாதிரி கூராக வந்தது. மிஞ்சிய கிரீமில் சுற்றிலும் ஒரு கொடி ஓட்டினார். மாளிகை வீடுகளின் மேல்மூலையில் சுண்ணாம்பில் போடுகிற அதே கொடி. மகள் போட்டோ எடுத்துப் போனில் நாலு பேருக்கு அனுப்பினாள். நாலு நாற்பதாயிற்று.

முதலில் விலை கேட்டு வந்தவள் கீழ்வீட்டுத் தையல்காரி. தன் மகனுக்கு ஒரு கேக் வேண்டும், எவ்வளவு என்றாள். மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். மேஸ்திரி சட்டைப் பையிலிருந்து டேப்பை உருவினார்.

மாதிரிக்கு வைத்திருந்த கேக் டின்னின் மேல்வட்டத்தை அளந்தார். சுற்றளவைக் கயிறு போட்டுப் பிடித்தார். மேல்முகமும் பக்கமும் சேர்த்துச் சதுர அடி ஒன்று, கொஞ்சம் கூட. சுவருக்குச் சதுர அடிக்கு நாற்பது வாங்கியவர் அவர். இது நுண்வேலை, அதனால் பத்து மடங்கு. நானூறு. வாயை விட்டு வெளியே வந்ததும் அவருக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்தது. ஒரு சதுர அடிக்கு நானூறா, இது பகல் கொள்ளை இல்லையா என்று நினைத்தார். தையல்காரி மறுபேச்சு இல்லாமல் கொடுத்துவிட்டுப் போனாள். கடையில் அதே கேக் எண்ணூறு.

இப்படித்தான் தொழில் ஆரம்பித்தது. மேஸ்திரி பேசிய தொகை எப்போதும் பூச்சுக்கான தொகை. உள்ளே இருக்கும் கேக்கைப் பற்றி அவர் யோசிக்கவில்லை. அவரைக் குறை சொல்லவும் முடியாது. நாற்பத்தொரு வருஷமும் அவர் காலையில் வேலையிடத்துக்குப் போகும்போது சிமெண்டு மூட்டை அங்கே இருக்கும், மணல் கொட்டியிருக்கும், செங்கல் சுவர் எழும்பி நிற்கும். சிமெண்டு எங்கிருந்து வந்தது என்று எந்தப் பூச்சுக்காரன் கேட்டிருக்கிறான்? இங்கேயும் அப்படித்தான். கூப்பிட்டால் மேசைமேல் கேக் தயாராக நின்றது. கிண்ணத்தில் கிரீம் நுரைத்து நின்றது. அவர் தகட்டை எடுத்தார், வந்த காசைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

ஏழு மாதம் ஓடியது. நாற்காலியில் உட்கார்ந்து சுவரைத் திட்டிக்கொண்டிருந்த மனிதர் இப்போது காலையில் முகம் மழித்து, சட்டையைச் செருகிக்கொண்டு, போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். வாடிக்கையாளர்களும் விவரமானவர்கள். சதுர அடிக்கணக்கு என்று தெரிந்ததும் அளவில் சின்னக் கேக்காகச் சொல்லிவிட்டு, அதன்மேல் அறுபது ரோஜா, பன்னிரண்டு வண்ணத்துப்பூச்சி, ஒரு குதிரை என்று கேட்டார்கள். மேஸ்திரி எல்லாவற்றையும் அதே விலைக்குப் போட்டுக் கொடுத்தார். பூசி முடித்த சுவரில் அழகுக்கு ஒரு கோடு இழுத்துவிட்டு அதற்குத் தனியாகக் காசு கேட்பது அவர் ஜாதகத்திலேயே இல்லை.

அந்தச் சமயத்தில்தான் இன்ஜினீயர் கூப்பிட்டார். மேஸ்திரி கடைசியாக வேலை பார்த்த கம்பெனியின் இன்ஜினீயர். புதிதாக ஐந்து மாடிக் கட்டடம் ஒன்று முடிந்திருக்கிறது, சனிக்கிழமை திறப்புவிழா, முதலாளிக்கு அதே கட்டடத்தின் வடிவில் கேக் வேண்டும் என்றார். மேஸ்திரி செவ்வாய்க்கிழமை காலை முழங்காலில் பட்டையைச் சுற்றிக்கொண்டு கட்டடத்துக்கே போனார். கீழ்த்தளத்து அலுவலக அறையில் மேசைமேல் வரைபடத்தை விரித்து வைத்திருந்தார் இன்ஜினீயர்.

கேக்கின் அடிப்பாகம் ஒரு அடிக்கு ஒரு அடி. உயரம் ஒன்றரை அடி. நாலு பக்கமும் ஆறு, மொட்டைமாடி ஒன்று, ஆக ஏழு சதுர அடி. இரண்டாயிரத்து எண்ணூறு என்று மேஸ்திரி சொல்லி முடிக்கவில்லை, இன்ஜினீயர் பழக்கதோஷத்தில் பென்சிலை எடுத்தார்.

"ஜன்னல் கழிக்கணுமே மேஸ்திரி."

"கழிச்சுக்கங்க" என்றார் மேஸ்திரி, அதே பழக்கதோஷத்தில்.

பக்கத்துக்குப் பத்து ஜன்னல், நாலு பக்கத்துக்கு நாற்பது. எல்லாம் சேர்த்து ஒன்றரை சதுர அடி கழிந்தது. மிச்சம் ஐந்தரை. இரண்டாயிரத்து இருநூறு. இருவரும் கைகுலுக்கிக்கொண்டார்கள். பஸ்ஸில் வரும்போதும் மேஸ்திரிக்கு உச்சி குளிர்ந்திருந்தது. ஐந்து மாடி. நடுவே மூங்கில் குச்சி நாலு கொடுத்தால் தூண் மாதிரி தாங்கும். நாற்பது ஜன்னலுக்கும் சர்க்கரைப் பாகில் கண்ணாடி ஊற்றலாம். இப்படி ஒன்றை யார் செய்திருக்கிறார்கள்? ஒருவரும் இல்லை.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னார். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். நீளம், அகலம், உயரம் எல்லாம் காதில் வாங்கினாள். டின்னை எடுத்து முன்னால் வைத்து, கையால் காற்றில் ஒரு பெட்டி கட்டி, உதட்டுக்குள் ஏதோ எண்ணினாள். அப்புறம் கையைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"இது எத்தனை கலவைன்னு தெரியுமா உங்களுக்கு?"

"எத்தனை?"

"பதிமூணு. ஒரு கலவைக்கு மாவு, முட்டை, வெண்ணெய், கிரீம் எல்லாம் சேத்து முந்நூத்தம்பது ஆகுது. ஏழு மாசமா அதான் ஆகுது. பதிமூணுக்கு எவ்வளவு? நீங்கதான் கணக்குல புலியாச்சே."

மேஸ்திரிக்குக் கணக்கு வந்துவிட்டது. நாலாயிரத்து ஐநூற்றைம்பது. வந்தது வாய்க்குள்ளேயே நின்றது. வெளிப்பக்கத்தை அளந்தால் ஏழு கேக்குதான், ஜன்னல் போக ஐந்தரை. உள்ளே பதிமூன்று கேக் உட்கார்ந்திருக்கிறது. பெரிதாக ஆக ஆக வெளியைவிட உள் வேகமாக வளர்கிறது. இது எந்தச் சுவரிலும் அவர் பார்க்காத விஷயம். சுவருக்கு உள்ளே அவர் போனதே இல்லை.

இத்தனை நாள் அந்த முந்நூற்றைம்பது எங்கிருந்து வந்தது என்று கேட்டார். அவள் வங்கிப் பணம் என்றாள். எவ்வளவு மிச்சம் என்று கேட்கத் தைரியம் வரவில்லை அவருக்கு.

"முன்னமே சொல்ல வேண்டியதுதானே?"

"சொல்லிருப்பேன். நீங்க அந்த நாற்காலிய விட்டு எழுந்து சட்டையச் செருகிக்கிட்டு நிக்கறதப் பாத்தேன். சரி, மருந்துச் செலவுன்னு நினைச்சுக்கிட்டேன்." அவள் அரிசி களைந்த தண்ணீரை வடித்தாள். "ஆனா இத நான் சுட மாட்டேங்க. பதிமூணு கலவை அடிச்சு, ரெண்டு நாள் அந்த ஓவன் முன்னாடி நின்னு, என் காசையும் போட்டு, கடைசியில எல்லாரும் உங்க பூச்ச பாத்துட்டுப் போறதுக்கு என்னால ஆகாது. ஓவன நான் பத்தவைக்க மாட்டேன்."

மேஸ்திரி நிமிர்ந்து உட்கார்ந்தார். வாக்குக் கொடுத்தாயிற்று, நஷ்டம் என்றால் என் நஷ்டமாக இருக்கட்டும், மாவுக் காசு முழுவதும் நான் போட்டுக்கொள்கிறேன் என்றார். பேச்சோடு பேச்சாகப் பதினோரு நாள் சுவர்க் கதையை ஆரம்பித்தார். கூலியில்லாமல் பூசியவனா இதற்குப் பின்வாங்குவான் என்று கேட்டார்.

அவள் தட்டுகளை எடுத்து வைத்துக்கொண்டே சொன்னாள். "அந்தப் பதினோரு நாளும் நீங்க சாயங்காலம் வந்து சாப்பிட்டீங்க. யாரு கூலியிலன்னு கதையில சொல்றதே இல்லையே."



புதன்கிழமை காலை அவள் கண் டாக்டரைப் பார்க்கப் போனாள். மேஸ்திரி அடுப்படிக்குள் போய்க் கதவைச் சாத்தினார். மாவும் சர்க்கரையும் வெண்ணெயும் முட்டையும்தானே. கலவை போடுவது அவருக்கா தெரியாது? மணலும் சிமெண்டும் ஒன்றுக்கு ஐந்து, ஒன்றுக்கு மூன்று என்று கண்ணை மூடிக்கொண்டு கலந்த கை. ஒரு குத்துமதிப்பாகப் போட்டு, நன்றாக அழுத்திக் கிளறினார். எவ்வளவு கிளறினால் அவ்வளவு பலம் என்பது அவர் கட்சி. ஓவனில் வைத்து முக்கால் மணி நேரம் முன்னால் குந்தியிருந்தார். வெளியே வந்ததைத் தட்டிப் பார்த்தார். டங் என்றது. முதல்தரச் செங்கல்லுக்குத்தான் அந்தச் சத்தம் வரும்.

அதைத் தூக்கிப் போடப் பின்வாசலுக்குப் போனபோது அவருக்கு வெட்கத்தைவிட ஒரு யோசனைதான் முதலில் வந்தது. செங்கல் அடுக்குகிற கொத்தனும் அவரும் ஒரே வேலையிடத்தில் எத்தனையோ வருஷம் இருந்திருக்கிறார்கள். அவன் கூலி தனி, அவர் கூலி தனி. அவன் கூலியை அவர் ஒரு நாளும் பேசியது கிடையாது. பேசினால் அவன் கரணையைத் தூக்கி வீசிவிட்டுப் போயிருப்பான். ஏழு மாதமாக மனைவி எதையும் வீசவில்லை. அதனால்தான் அவருக்குத் தெரியவில்லை.

மத்தியானம் மறுபடியும் பஸ் பிடித்தார். வழியெல்லாம் ஒரே குழப்பம். சொன்ன விலையை மாற்றினால் நாற்பத்தொரு வருஷ வாக்கு தண்ணீரில் போகும். மாற்றாவிட்டால் சனிக்கிழமை கட்டடம் இல்லை, அதற்குப் பிறகும் வீட்டில் கேக் இல்லை. மறுபடியும் அந்த நாற்காலி. மனைவி எதிரே உட்கார்ந்து ஒன்றும் சொல்லாமல் காய் நறுக்குவாள். அதுதான் அவருக்கு எல்லாவற்றையும்விடப் பயமாக இருந்தது. கட்டடத்து வாசலில் இறங்கும்போதுதான் நேற்று தான் என்ன சொன்னோம் என்று ஒவ்வொரு சொல்லாக நினைத்துப் பார்த்தார். சதுர அடிக்கு நானூறு என்றார். பொருளோடு என்று சொன்னாரா? இல்லை. வாழ்க்கையில் ஒரு நாளும் அவர் பொருளோடு விலை பேசியதில்லை. பேசியது எல்லாம் லேபர். இது சமாளிப்பு இல்லை, உண்மை.

அலுவலக அறையில் இன்ஜினீயர் டீ குடித்துக்கொண்டிருந்தார். மேஸ்திரி உட்காராமலே சொன்னார். நேற்றுப் பேசிய தொகையில் ஒரு காசு கூட்டவில்லை, அது பூச்சு லேபர், வழக்கம்போல மெட்டீரியல் உங்கள் பொறுப்பு, எப்போது அனுப்புகிறீர்கள் என்றார்.

இன்ஜினீயர் டீயைக் கீழே வைத்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். "என்ன மேஸ்திரி, கேக்குக்குப் போயி மெட்டீரியல் யாராவது கொடுப்பாங்களா?"

"கேக்குக்குப் போயி ஜன்னல் யாராவது கழிப்பாங்களா சார்?"

இன்ஜினீயர் சிரிப்பு பாதியில் நின்றது. மேசைமேல் நேற்றைய தாள் அப்படியே கிடந்தது. அவர் கையெழுத்தில் மைனஸ் போட்டு, நாற்பது ஜன்னல், ஒன்றரை சதுர அடி. அதை ஒரு தடவை பார்த்தார். ஒவ்வொரு ஜன்னலும் மேஸ்திரி தனித்தனியாக விளிம்பு கட்டிக் கண்ணாடி ஊற்றப்போகிற ஜன்னல் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்திருக்க வேண்டும். சரி, பொருள் கம்பெனிக் கணக்கில் போகட்டும், பட்டியல் கொடுங்கள் என்றார். ஆக மொத்தம் அவ்வளவுதானே என்று கேட்டார்.

மேஸ்திரி தொண்டையைக் கனைத்தார். அவ்வளவுதான் இல்லை. சுவர் எழுப்புகிற வேலை ஒன்று இருக்கிறது. அதன் கூலியை அவரால் சொல்ல முடியாது, அது வேறு ஆளுடைய வேலை, அந்த ஆளிடம்தான் பேச வேண்டும்.

"யாரு அந்த ஆளு? போன் நம்பர் கொடுங்க."

"போன்ல எல்லாம் பேச மாட்டாங்க. நேர்ல வரணும்" என்றார் மேஸ்திரி.

சாயங்காலம் இன்ஜினீயர் வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். மேஸ்திரி அடுப்படி வாசலில் போய் நின்று, உன்னிடம் ரேட் பேச ஆள் வந்திருக்கிறது என்று மட்டும் சொன்னார். அவள் நம்பாமல் எட்டிப் பார்த்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து சுவரோரமாக நின்றாள்.

"சொல்லுங்கம்மா. பதிமூணு கலவைன்னு மேஸ்திரி சொன்னாரு. உங்க ரேட் என்ன?"

அவள் முந்தானை நுனியை விரலில் சுற்றினாள். விலை தெரியாமல் இல்லை. மாவு விலை, முட்டை விலை, கடைக்குக் கடை வெண்ணெய் விலை எல்லாம் விரல்நுனியில். தன் விலையை மட்டும் அவள் ஒரு நாளும் சொன்னதில்லை. இருபத்திரண்டு வருஷமும் பள்ளிக்கூடத்தில் இவ்வளவு என்று அவர்கள் சொன்னார்கள், அவள் கையெழுத்துப் போட்டாள். வருஷத்துக்கு ஒரு தடவை கொஞ்சம் கூட்டினார்கள், அதையும் அவர்களே சொன்னார்கள். வீட்டில் கேட்பதற்கு ஆளே இல்லை.

மேஸ்திரிக்கு நாக்கு துடித்தது. அவர் வாயில் தொகை தயாராக இருந்தது. அவர் வாயில் தொகை இல்லாத நேரம் ஏது? கலவைக்கு நூறு, பதிமூன்றுக்கு ஆயிரத்து முந்நூறு, சுத்தமான கணக்கு. அவள் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தாள். அந்தத் தொகை அவர் முகத்திலேயே எழுதியிருந்ததோ என்னவோ. அவர் நாக்கைக் கடித்துக்கொண்டு, ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்க்க ஆரம்பித்தார். தெருவில் ஒன்றும் இல்லை. ஒரு சைக்கிள் போனது.

அவள் உள்ளே போனாள். பாத்திரம் எடுத்து வைக்கிற சத்தம் கேட்டது. தண்ணீர் குழாய் திறந்து மூடிய சத்தம் கேட்டது. இன்ஜினீயர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.  அவள் திரும்பி வராமல் போய்விட்டால் என்ன செய்வது என்று மேஸ்திரிக்கு அப்போதுதான் தோன்றியது. பெரிய பெரிய கான்டிராக்டர்கள் முன்னால் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்த மனிதர், ஒரு அடுப்படி வாசலைப் பார்த்துக்கொண்டு கையைப் பிசைந்துகொண்டிருந்தார்.

அவள் வந்தாள். இந்த முறை சுவரோரம் நிற்கவில்லை. இன்ஜினீயருக்கு எதிரே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"கலவைக்கு இருநூறு தம்பி."

இன்ஜினீயருக்குக் கணக்குப் போட நேரமாகவில்லை. "ரெண்டாயிரத்து அறுநூறா? மேஸ்திரியை விட ஜாஸ்தியா இருக்கேம்மா. அவரு ரேட்டே ரெண்டாயிரத்து இருநூறுதான்."

"அவருக்கு ஜன்னல் கழிச்சீங்க. என் வேலையில ஜன்னல் இல்ல தம்பி. உள்ள பூரா நான்தான் இருக்கேன்."

இன்ஜினீயர் மேஸ்திரி பக்கம் திரும்பினார். கொஞ்சம் சொல்லக்கூடாதா என்கிற மாதிரி ஒரு பார்வை. சித்தாள் கூலியைக் குறைக்க வேண்டுமென்றால் வேலையிடத்தில் எப்போதும் மேஸ்திரியைத்தான் பார்ப்பார்கள். அவரும் ரெண்டு அதட்டு அதட்டிக் குறைத்துக் கொடுத்திருக்கிறார். இன்றைக்கு அந்தப் பார்வை அவர்மேல் பட்டு வழுக்கிக்கொண்டு போனது.

"அவங்க ரேட். அவங்ககிட்டயே பேசுங்க சார்."

முப்பத்தெட்டு வருஷக் குடித்தனத்தில் அவர் மனைவியை இன்னொருவர் முன்னால் அப்படிச் சொன்னதில்லை. அவள் அதைக் காதில் வாங்கியதாகக் காட்டிக்கொள்ளவில்லை. இன்ஜினீயர் இரண்டாயிரத்து ஐநூறு என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். அவள் சும்மா உட்கார்ந்திருந்தாள். எதிர்ப்பேச்சும் பேசவில்லை, எழுந்தும் போகவில்லை. அவர் இன்னொரு தடவை கடிகாரத்தைப் பார்த்துவிட்டுச் சரி என்றார். அப்புறம் அவள் பட்டியல் சொன்னாள், அவர் எழுதினார். முட்டை அறுபத்தைந்து. வெண்ணெய் தான் சொல்கிற கடையில்தான் வாங்க வேண்டும், மலிவு வெண்ணெய் அனுப்பினால் திருப்பி அனுப்பிவிடுவேன் என்றாள். ஒரு இன்ஜினீயர் தன் மனைவி சொல்லச் சொல்ல எழுதுவதை மேஸ்திரி நின்று பார்த்தார். ஒரு கண்ணில் பெருமை. இன்னொரு கண்ணில், என் பூச்சைவிட நானூறு அதிகமா என்கிற கடுப்பு. இரண்டும் உண்மை. அவர் ஒன்றை மறைத்து ஒன்றைக் காட்டுகிற ஆள் இல்லை.

இன்ஜினீயர் போன பிறகு அதைக் கேட்டும் விட்டார். எப்படி இருநூறு என்று வந்தது, என்ன கணக்கு என்றார்.  கணக்கு எதுவும் இல்லை என்றாள் அவள். நூறு என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்தாளாம், கோபம் வந்ததாம். நூற்றைம்பது என்று சொல்லிப் பார்த்தாளாம், அழுகை வந்ததாம். இருநூறு என்றபோதுதான் எதுவும் வரவில்லை, அதனால் அதையே சொன்னேன் என்றாள். மேஸ்திரிக்கு இந்த முறையில் விலை போடத் தெரியாது. ஆனால் தப்பு என்று சொல்லவும் வாய் வரவில்லை.

வியாழக்கிழமை காலை பொருள் வந்து இறங்கியது. அவள் ஓவனைப் பற்றவைத்தாள். வீடு முழுக்க வெண்ணெய் வாசனை. மேஸ்திரி தகட்டைத் துடைத்து எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனார். அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இன்னிக்கு உங்களுக்கு இங்க வேலை இல்ல. சூடு ஆறணும். பூச்சுக்கு நாளைக்கு வாங்க."

நியாயம்தான். சுவர் இறுகாமல் எந்தப் பூச்சுக்காரன் தகட்டை எடுப்பான்? அவர் கூடத்துக்கு வந்து உட்கார்ந்தார். உள்ளே அவள் கலவை அடிக்கிற சத்தம். நேற்று அவர் அடித்த மாதிரி அழுத்தி அழுத்தி இல்லை. கிண்ணத்தின் ஓரத்தைத் தொட்டு, மேலே தூக்கி, மெதுவாக மடித்து விடுகிற சத்தம். நாலு சுற்று, நிறுத்தம், மறுபடி நாலு சுற்று. ஏழு மாதமாக இந்தச் சத்தம் இந்த வீட்டில் கேட்டுக்கொண்டிருந்திருக்க வேண்டும். அவர் போனில் பேசிக்கொண்டிருந்திருப்பார்.

போன் அடித்தது. தெரியாத குரல். யாரோ சொல்லி நம்பர் வாங்கினார்களாம், அம்மாவின் அறுபதாவது பிறந்தநாளுக்கு இரண்டு அடுக்குக் கேக் வேண்டும், எவ்வளவு ஆகும் என்று கேட்டது அந்தக் குரல். மேஸ்திரியின் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. டேப்பைத் தொட்டது. வாயைத் திறந்தார், மூடினார்.

"ஒரு நிமிஷம் இருங்க" என்றார்.

முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். அடுப்படி வாசலில் போய் நின்றார். அவள் இரண்டு கையும் மணிக்கட்டு வரை மாவாக நின்றாள். என்ன என்று புருவத்தை உயர்த்தினாள். விலை கேட்கிறார்கள் என்றார். அவள் கையை விரித்துக் காட்டினாள், இந்தக் கையால் எப்படி வாங்குவது என்று. அவர் உள்ளே இரண்டு எட்டு வைத்து, போனை அவள் காதோடு சேர்த்துப் பிடித்தார்.

அவள் சொல்லத் தொடங்கினாள். முதலில் எத்தனை பேர் சாப்பிடுவார்கள் என்று கேட்டாள். மேஸ்திரி போனைப் பிடித்தபடி, மாவு சட்டையில் படாமல் கொஞ்சம் சாய்ந்து, தன் முறை வரட்டும் என்று நின்றார்.